ஆடி மாதத்து ஒறம்பரை

தமிழ்மதியின் அம்மா விஜயராணி எதற்கும் நாள் பார்ப்பவள். மகளுக்குத் திருப்பூரில் வேலை என்றதும் நாள்காட்டியை இறக்கிவைத்துப் புரட்டினாள். ஆடி பிறந்துவிட்டால் புது வேலையில் சேரக்கூடாது, அதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிடு என்று அவசர அவசரமாகப் பேருந்து ஏற்றிவிட்டாள். அப்படியே ஆனி மாதத்தின் கடைசி நாள் காலையில், நல்ல நேரத்தில், முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் தமிழ்மதி கையெழுத்துப் போட்டாள். மறுநாள் ஆடி பிறந்தது. வேலைக்கு நாள் பார்த்த அம்மாவும் சரி, குடும்பத்திலேயே முதல் ஆளாகப் பட்டம் வாங்கிய மகளும் சரி, தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதையும், அதற்கும் ஆடி உண்டு என்பதையும் யோசிக்கவேயில்லை.

வேலை நிரந்தரமில்லை. வெளிநாட்டுக் குழந்தைகளுக்கான சட்டை ஆர்டர் ஒன்று கப்பல் ஏறும்வரை, அதைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் சதீஷ்குமாருக்கு உதவியாக இருக்க வேண்டும். ஆடி முடிகிறபோது ஆர்டரும் முடியும். நன்றாகச் செய்தால் மேற்கொண்டு பார்க்கலாம் என்றார் அவர். அந்தப் 'பார்க்கலாம்' என்ற சொல்லைத் தமிழ்மதி பேருந்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் ஒரு வீடு கட்டிக் குடியிருக்கலாம் போல அகலமாக இருந்தது.

வந்த நாளிலிருந்து வீரபாண்டியில் ராமாயி சித்தியின் லைன் வீட்டில் படுத்துக்கொண்டாள். ஓர் அறை, அதன் மூலையில் அடுப்பு. சித்தி, இரண்டு பிள்ளைகள், இப்போது இவள். சித்தப்பா மொக்கைச்சாமி கட்டிலைச் சந்தில் போட்டுப் படுத்தார். தூறல் விழுந்தால் எழுந்து கட்டிலைச் சுவரோரம் இழுத்துக்கொள்வார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால்கூட அவளுக்குத் தேவலை போலிருந்தது. அந்த வாரத்துக்குள் இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தாள்.

சாயங்காலங்களில் சித்தியும் அவளும் முதலிபாளையத்துத் தெருக்களில் வீடு தேடி நடந்தார்கள். கேட்டுக்குக் கேட்டு 'வீடு வாடகைக்கு' என்ற அட்டை தொங்கியது. எல்லாக் கேட்டிலும் ஒரே பதில்தான்.

"ஆவணி பொறக்கட்டுங்க. தாராளமா வாங்க."

"ஆடில யாருங்க குடி வெப்பாங்க."

ஹாஸ்டல்களையும் பார்த்தாயிற்று. ஒன்றில் ஆறு மாதம் இருப்பதாகச் சொன்னால்தான் கட்டில். இன்னொன்றில் எட்டு மணிக்குக் கேட்டைப் பூட்டிவிடுவார்கள். ஷிப்மெண்ட் நெருங்கும் கம்பெனியில் எட்டு மணிக்கு யாரும் நாற்காலியைவிட்டு எழுந்திருப்பதில்லை.

"ஒரு மாசத்துக்கு ஊரே கதவச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கு பாரு," என்றாள் ராமாயி.

"நம்ம ஊர்லயும் ஆடியில குடி போக மாட்டோம்ல, சித்தி."

"நம்ம ஊர்ல குடி போறதுக்கு வீடு எங்கடி இருக்கு."

தமிழ்மதிக்குச் சிரிப்பு வந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அவள் அரசு விடுதிகளில் வளர்ந்தவள். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு புதிய மூலை, ஒவ்வொரு ஏப்ரலிலும் அதைக் காலி செய்வது. விடுமுறையில் போகும் வீட்டில் அவளுக்கென்று இருந்தது சுவரில் ஓர் ஆணிதான். அதில் அவள் பை தொங்கும். பேருந்தில் போகும்போது தெரியாத வீடுகளின் ஜன்னல்களைப் பார்த்துக்கொண்டே வருவது அவளுக்குப் பழக்கம். உள்ளே யாரோ நடமாடுவார்கள், ஒரு கை திரையை இழுக்கும். அந்தக் கை தன்னுடையதாக இருந்தால் எப்படியிருக்கும் என்று நினைப்பாள். பேருந்து போய்விடும். இப்படி ஜன்னல்களை எண்ணி ஏங்குவதற்கா இத்தனை படித்தோம் என்று தன்னையே கேட்டுக்கொள்வாள். அதற்குள் அடுத்த ஜன்னல் வரும்.

தெருக் கடைசியில் ஒரு மாடி வீடு. பின்பக்கக் கொட்டகையில் நாலைந்து தையல் மெஷின்கள் ஓடின. வீட்டுக்காரி தெய்வாத்தாள் வாசலில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். பேச்சில் மரியாதை வழிந்தது.

"எந்தப் பக்கமுங்க நீங்க?"

"கமுதிப் பக்கம்க்கா."

"அங்க எந்தக் கோயலுங்க கும்புடறது?"

எதற்காகக் கேட்கிறாள் என்று ராமாயிக்குத் தெரியும். இந்த ஊரில் அவளிடம் இதைப் பலபேர் பலவிதமாகக் கேட்டிருக்கிறார்கள்.

"எங்களுக்கு என்னக்கா, சாமின்னு ஒண்ணு நின்னா கையெடுத்திருவோம்."

தெய்வாத்தாள் மேலே கேட்கவில்லை. "மாடி ரூமு சும்மாதானுங்க கெடக்குது. ஆனா ஆடில ஒருத்தரைக் குடி வெக்க எனக்கு மனசு ஒப்பாதுங்க."

"குடி வைக்க வேணாம்க்கா. புள்ள பால் காய்ச்சாது. அடுப்புப் பத்த வைக்காது. சட்டி பானை கொண்டாராது. ஒத்தப் பையத் தூக்கிக்கிட்டு வருது. அது எப்பிடிக் குடியாகும்?"

"பின்ன அது என்னவாமா?"

"நீங்களே சொல்லுங்க. ஒத்தப் பையோட ஒங்க வீட்டுக்கு வர்றவுகள என்னன்னு சொல்வீக?"

தெய்வாத்தாள் அவரைக்காயைக் கையில் வைத்தபடி யோசித்தாள். காற்று முறத்திலிருந்த தோல்களை அள்ளிக்கொண்டு போனது.

"ஒறம்பரைம்போமுங்க," என்றாள்.

வீட்டுக்கு விருந்தாக வரும் உறவினரைக் கொங்குப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். சொல்லிவிட்ட பிறகுதான் அந்தச் சொல்லுக்குள் ஒரு வழி இருப்பது அவளுக்கே தெரிந்தது போலிருந்தது. முகம் தெளிந்தது. அதன்பின் சட்டங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சீமாறு கொண்டுவரக்கூடாது, கூட்டுவதற்கு அவளே ஆள் அனுப்புவாள். உப்பு, அரிசி எதுவும் அறைக்குள் போகக்கூடாது. விளக்கு ஏற்றக்கூடாது, பல்பு போட்டுக்கொள்ளலாம். வாடகைப் பேச்சை ஆவணிவரை எடுக்கக்கூடாது. ஒறம்பரையிடம் யாராவது வாடகை கேட்பார்களா.

"அப்பறங் கண்ணு, ஒறம்பரைன்னா ஒரேயடியா ஊட்டோட தங்கீர மாட்டாங்க. சனிக்கெழமை உங்க சித்தி ஊட்டுக்குப் போயிரோணும். திங்கக்கெழமை மறுக்காப் புதுசா வரோணும்."

"சரிங்கம்மா."

"வர்றப்ப வெறுங்கையை வீசிட்டு வராத. பாக்கறவங்க என்ன நெனைப்பாங்க."

இப்படித்தான் தமிழ்மதிக்கு இடம் கிடைத்தது.

அறையில் ஒன்றுமே இல்லை. ஒரு பாய், ஒரு தலையணை, கொடியில் அவளுடைய இரண்டு சுடிதார். ஜன்னலைத் திறந்தால் ஆடிக்காற்று உள்ளே வந்து, தடுக்க ஒன்றும் இல்லாததால் சுவரைச் சுற்றிவிட்டு வெளியே போகும். எதிரே எங்கும் கம்பெனிக் கூரைகள். வெட்டிப்போட்ட பனியன் துணியின் நறுக்குகள் காற்றில் ஏறி, மின்கம்பியிலும் வேலியிலும் வேப்ப மரத்திலும் ஒட்டிக்கொண்டிருக்கும். இளஞ்சிவப்பு, மஞ்சள், ஒரு மாதிரி நீலம். எங்கோ பிறக்கப்போகும் குழந்தைகளின் சட்டையிலிருந்து மிச்சமானவை. விடியற்காலையில் அரைத்தூக்கத்தில் பார்க்கும்போது அந்த வேப்ப மரம் வேறு ஏதோ நாட்டுப் பூ பூத்திருப்பது போலத் தெரியும். அவள் எழுந்திருக்காமல் படுத்தே கிடப்பாள். பேருந்து ஜன்னலில் பார்த்த வீட்டுக்குள் தான் வந்துவிட்டோமா, அல்லது இதுவும் வெளியிலிருந்து பார்ப்பதுதானா என்று குழப்பமாக இருக்கும். குடியில்லை. விருந்தாளியும் நிஜமில்லை. இரண்டுக்கும் நடுவே, மாதத்துக்கும் மாதத்துக்கும் இடையிலான ஒரு பொந்தில் தான் வசிப்பதாகத் தோன்றும். அது ஒன்றும் மோசமாக இல்லை. மிதப்பது போலிருந்தது.

திங்கட்கிழமைகள்தான் வேடிக்கை. வேலை முடிந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அவள் கேட்டைத் திறப்பாள். தெய்வாத்தாள் சொம்பில் தண்ணீரோடு வாசலில் நிற்பாள்.

"வா கண்ணு. எப்ப வந்தே? ஊர்ல எல்லாரும் சவுரியமா?"

"நல்லா இருக்காங்கம்மா."

"அலைஞ்சு வந்திருப்பே. தண்ணி குடி."

முதல் வாரம் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். தெய்வாத்தாளின் முகத்தில் விளையாட்டு இல்லை. நிஜமாகவே அப்போதுதான் பார்ப்பவள் போலக் கேட்டாள். அடுத்த வாரமே தமிழ்மதியும் நிஜமாகவே எங்கோ தூரத்திலிருந்து வருகிறவள் போல உணர ஆரம்பித்தாள். கேட்டைத் திறக்கும்போது துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டாள். வீட்டுக்காரர் திருமூர்த்தி மட்டும் இதில் கலந்துகொள்ளவில்லை. செல்போனைப் பார்த்தபடி, "வாங்க," என்று தலையை அசைத்துவிட்டுக் கொட்டகைக்குள் போய்விடுவார்.

சாப்பாடும் தெய்வாத்தாளுடையதுதான். வீட்டுக்கு வந்த ஒறம்பரை மெஸ்ஸில் சாப்பிட்டால் ஊர் என்ன சொல்லும். காலையும் ராத்திரியும் மாடிப்படியின் கடைசிப் படியில் டிபன் கேரியர் காத்திருக்கும். அரிசிம்பருப்புச் சோறு, கொள்ளுக் கடைசல், சில நாள் தயிர். ருசியாகத்தான் இருந்தது. சாப்பிட்டுவிட்டு அந்தக் கேரியரையும் டம்ளரையும் தட்டையும் அவளே கழுவி, அதே படியில் கவிழ்த்துவைக்க வேண்டும். யாரும் அப்படிச் சொல்லவில்லை. முதல் நாள் கழுவிய தட்டோடு கீழே போனபோது தெய்வாத்தாள் வாசல்வரை வந்து, "அங்கயே வெச்சிரு கண்ணு, நானெடுத்துக்கறேன்," என்றாள். கனிவாகத்தான் சொன்னாள். அந்தத் தட்டு மற்ற பாத்திரங்களோடு சேராமல் கொட்டகைச் சுவர் மாடத்தில் தனியாக இருப்பதை இன்னொரு நாள் பார்த்தாள்.

இதைப் பற்றிச் சித்தியிடம் சொல்லவில்லை. சொன்னால், "இடம் கெடச்சிருச்சுல்ல, அதப் பாரு," என்பாள். தனக்குத்தானே அதையேதான் சொல்லிப் பார்த்தாள். 'வாங்க' என்ற சொல்லுக்கு வாசல்வரைக்கும்தான் நீளமா என்று ஒரு மனம் கேட்டது. வாசல்வரை யார் உன்னை இதுவரை கூப்பிட்டார்கள் என்று இன்னொரு மனம் திருப்பிக் கேட்டது. இரண்டும் பேசிக்கொண்டிருக்கும்போது தூக்கம் வந்துவிடும். கனவில் அறைக்குள் பனியன் துணி மழை பெய்யும்.

ஆடிப் பதினெட்டு அந்த வருடம் ஞாயிற்றுக்கிழமை வந்தது. வழக்கம்போலச் சனியன்று அவள் பையை எடுத்தபோது தெய்வாத்தாள் தடுத்தாள்.

"நோம்பியன்னிக்கு ஒறம்பரையை வெளிய அனுப்பற பழக்கம் எங்கூட்டுல இல்ல கண்ணு. இருந்துட்டுப் போ."

நோம்பி என்றால் கொங்கு நாட்டில் பண்டிகை. காலையிலேயே வேப்ப மரத்துக் கிளையில் கனமான கயிறு கட்டித் தூரி போட்டிருந்தார்கள். அதை ஊஞ்சல் என்று யாரும் சொல்வதில்லை. கல்யாணமாகி முதல் ஆடிக்கு வந்திருந்த மகள் வர்ஷினி, மாடியைப் பார்த்துக் கையாட்டினாள்.

"மேல நின்னுட்டு என்னங்க பண்றீங்க? வாங்க, ஒட்டுக்கா ஆடலாம்."

தமிழ்மதி இறங்கி வந்து பலகையில் உட்கார்ந்தாள். வர்ஷினி தள்ளிவிட்டாள். காற்றும் சேர்ந்து தள்ளியது. மேலே போகும்போது கம்பெனிக் கூரைகள் கீழே சரிந்தன, வானம் காலடிக்கு வந்தது, மரத்திலிருந்து ஒரு மஞ்சள் நறுக்குக் கழன்று அவளோடு கொஞ்ச தூரம் பறந்தது. ஊர், வேலை, படி, தட்டு எதுவும் இல்லை. அந்தரத்தில், உச்சிக்கும் உச்சிக்கும் நடுவே, எதுவும் எடையில்லாமல் இருந்தது. இங்கேயே இப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது.

"ஏனம்மிணி, தூரியில ஆடற புள்ள யாரு?"

கேட்டவர் சுப்பண்ணன். தெய்வாத்தாளின் அண்ணன். மடத்துக்குளத்திலிருந்து தங்கைக்குச் சீர் கொண்டுவந்து, மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி கொள்ளாமல் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு குலை இளநீர்.

"ஒறம்பரைங்கண்ணா," என்றாள் தெய்வாத்தாள்.

"நம்ம வழியில எனக்குத் தெரியாத ஒறம்பரையா? அப்ப மாப்ள வழியா?"

"என்னைய எதுக்குங்க மச்சான் இழுக்கறீங்க," என்றார் திருமூர்த்தி, செல்போனிலிருந்து தலையெடுக்காமல்.

தூரி தானாக வேகம் குறைந்தது. தமிழ்மதி காலை ஊன்றி நிறுத்தினாள். சுப்பண்ணன் அவளை நன்றாகப் பார்த்தார்.

"எந்தக் கூட்டம் கண்ணு நீயி?" கூட்டம் என்று அவர் கேட்டது குலத்தை. பதிலுக்குக் காத்திராமல் தங்கை பக்கம் திரும்பினார். "படிச்ச புள்ளையாட்ட இருக்குது. எம் பையன் தரணீதரனுக்கு வயசு போயிட்டே இருக்குது. தேடித் தேடிச் செருப்புத்தான் தேயுது. இப்படியொரு ஒறம்பரையை மாடில வெச்சுட்டுப் கம்முனு இருக்கறயே நீயி."

"மாமா, சித்தெ சும்மா இருங்க," என்றாள் வர்ஷினி.

தெய்வாத்தாளின் முகம் வெளுத்தது. தமிழ்மதி கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். தன்னை வாடகைக்காரி என்று சொன்னால், ஆடியில் குடிவைத்த குற்றம் அண்ணன் முன்னால் தெய்வாத்தாள் தலையில் விழும். பையைத் தூக்கிக்கொண்டு இன்றைக்கே கிளம்ப வேண்டியிருக்கும். ஷிப்மெண்ட் இன்னும் போகவில்லை. உறவு என்று தலையாட்டினால் அடுத்த கேள்வி வரும், அதற்கடுத்த கேள்வியும் வரும். மூன்றாவது கேள்வியில் கமுதியும் கோயிலும் எல்லாமும் வெளியே வந்துவிடும். எப்படியும் போகத்தான் வேண்டுமென்றால் எதைச் சொல்லிவிட்டுப் போவது. இத்தனை நாள் அந்தரத்தில் இருந்தது போதும் என்று கால் தரையை அழுத்தியது.

"உறவெல்லாம் இல்லைங்க," என்றாள். "கமுதிப் பக்கம் எங்க ஊரு. இங்க கம்பெனியில வேலை பாக்குறேன். ஆடியில யாரும் வீடு தரல. அம்மாதான் ஒறம்பரைன்னு சொல்லித் தங்க வச்சிருக்காங்க. ஆர்டர் முடியிற வரைக்கும்தான்."

சுப்பண்ணன் அவளையும் தங்கையையும் மாறி மாறிப் பார்த்தார். கல்யாணப் பேச்சு அவர் முகத்திலிருந்து மெதுவாக வடிந்துபோனது.

"அப்ப ஆடில குடி வெச்சுட்டே."

"குடியில்லீங்கண்ணா. பால் காச்சல. ஒரு சீமாறுகூட உள்ள போவுல. வாராவாரம் போயிட்டுத்தான் வருது."

"வாராவாரம் எதுக்குப் போயிட்டு வருது?"

"திங்கக்கெழமையானா பழத்தோட வருமுங்க மாமா," என்றாள் வர்ஷினி, சிரிப்பை அடக்கிக்கொண்டு. "அம்மா சொம்புத் தண்ணியோட நின்னு, ஊர்ல சவுரியமான்னு கேக்குமுங்க மாமா. போனுல சொல்லுச்சு."

சுப்பண்ணன் சிரித்தார். நாற்காலி முனகியது. தமிழ்மதிக்காக அவர் பேசப்போவதில்லை. ஆனால் தங்கையை மடக்குவதென்றால் சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரு ருசி.

"சரி, சோறு யாரு போடறா?"

"நாந்தான்."

"எங்க போடறே?"

தெய்வாத்தாள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"மேல போயிருமுங்க மாமா," என்றாள் வர்ஷினி. இப்போது அவள் சிரிக்கவில்லை.

"பாரம்மிணி. குடின்னா ஆடிக்கு ஆகாது. ஒறம்பரைன்னா நோம்பியன்னிக்கு எல்லாரும் பந்தியில உக்கார, அதுக்கு மட்டும் மேல சோறு அனுப்பறது ஆகாது. ரெண்டுல ஒண்ணை நீயே எடுத்துக்க. எனக்குப் பசிக்குது."

தெய்வாத்தாள் தூரியைப் பார்த்தாள், மாடியைப் பார்த்தாள், கடைசியில் தமிழ்மதியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. பயம் இருந்தது. வேறொன்றும் இருந்தது, அதற்குத் தமிழ்மதியிடம் பெயர் இல்லை. உள்ளே குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசிலும் அடித்தது.

"கண்ணு," என்றாள். "கையைக் கழுவிட்டு உள்ள வா."

கூடத்தில் வரிசையாக இலை போட்டிருந்தது. வர்ஷினி நகர்ந்து தன் பக்கத்தில் இடம் விட்டாள். கொட்டகை வாசலில் வேலை செய்யும் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். திறந்த கதவு வழியாகக் காற்று வந்து தமிழ்மதியின் இலை நுனியைத் தூக்கியது. அவள் விரலால் அழுத்திக்கொண்டாள். தெய்வாத்தாள் அவள் முன் குனிந்து, மற்றவர்கள் குடிக்கும் டம்ளர்களில் ஒன்றை எடுத்து அந்த நுனியின் மேல் வைத்தாள். சோறு வைத்தாள், பருப்பு ஊற்றினாள். ஊத்துக்குளி நெய்யைக் கேட்காமலேயே ஒரு கரண்டி விட்டாள்.

"ஆவணி பொறக்கற வரைக்கும் ரூமுல இருந்துக்க," என்று குனிந்த தலையோடு, இவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள். "இன்னுஞ் சோறு வெக்கட்டா?"

இது தனக்கா, ஆடிக்கா, அண்ணனுக்கா என்று தமிழ்மதிக்குத் தெரியவில்லை. நாளைக்கு டிபன் கேரியர் எங்கே இருக்கும் என்பதும் தெரியவில்லை. பருப்பில் நெய் உருகி மணத்தது.

"வைங்கம்மா," என்றாள்.